எடிட்டரைக் கேட்காமல் வாங்கும் கேமரா

"கேமராவுல காசைப் போடுங்க அண்ணாச்சி. எடிட்டிங்கை அப்புறம் பாத்துக்கலாம்."

திருநெல்வேலிப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறவர்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் இருக்க மாட்டார். கடைக்காரர் சொல்வார். கண்காட்சியில் நோட்டீஸ் நீட்டும் பையன் சொல்வான். போன வருடம் தொழிலுக்கு வந்த தம்பி, இந்த வருடம் வருகிற தம்பிக்குச் சொல்வான். இவர்கள் கணக்கில் லென்ஸ், சென்ஸார், எத்தனை 'கே' என்பவைதான் கேமரா. எடிட்டிங் என்பது எவனோ ஒருவன் எங்கோ ஓர் அறையில் ஏசி போட்டுக்கொண்டு செய்து தருகிற சில்லறை வேலை. அந்த ஏசி அறையில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பவன் நான். (ஏசி எனக்கில்லை, கம்ப்யூட்டருக்கு.) கோவில்பட்டி, தென்காசி, நாகர்கோவில் என்று சுற்றுப்பட்டு ஸ்டுடியோக்களின் ஹார்ட் டிஸ்க்குகள் பஸ் பார்சலில் என்னிடம்தான் வருகின்றன. அந்த உரிமையில் சொல்கிறேன்: இந்த அறிவுரை தப்பு. கொஞ்சம் தப்பு, பாதித் தப்பு என்றெல்லாம் இழுக்க வேண்டியதில்லை. வரிசையே தலைகீழ்.

கேமரா நமக்குப் படத்தைக் கொடுப்பதாக நினைத்துக்கொள்கிறோம். கொடுப்பது ஃபைலை. அந்த ஃபைல் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது, எத்தனை துண்டாக உடைந்திருக்கிறது, நிறத்தை எவ்வளவு வைத்துக்கொண்டு எவ்வளவைத் தூக்கிப் போட்டிருக்கிறது என்பதெல்லாம் ரெக்கார்டு பட்டனை அழுத்துகிற நொடியிலேயே முடிவாகிவிடும். அப்புறம் பார்த்துக்கொள்ள அதில் பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்காது.

மளிகைக் கடைக் கணக்கை வைத்துச் சொன்னால் விளங்கும். ஒரு கடைக்காரர் தினமும் ராத்திரி ஷட்டரை இறக்குமுன் அரிசி இத்தனை மூட்டை, பருப்பு இத்தனை கிலோ என்று முழு இருப்பையும் எழுதுகிறார். நோட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆனால் எந்தத் தேதியைக் கேட்டாலும் அந்தப் பக்கத்தைத் திருப்பினால் போதும். அடுத்த கடைக்காரர் சிக்கனக்காரர். ஒன்றாம் தேதி மட்டும் முழு இருப்பு எழுதுவார். மற்ற நாட்களில் 'அரிசி இரண்டு மூட்டை குறைவு, மற்றதெல்லாம் நேற்று மாதிரி' என்று ஒரு வரி. நோட்டு மாதக்கணக்கில் வரும். ஆனால் பன்னிரண்டாம் தேதி இருப்பு என்ன என்று கேட்டால், ஒன்றாம் தேதியிலிருந்து கூட்டிக் கழித்துக்கொண்டே வர வேண்டும். முதல் கணக்குக்கு எங்கள் தொழிலில் ஆல்-இன்ட்ரா என்று பெயர், இரண்டாவதற்கு லாங்-ஜிஓபி. எடிட்டர் நாள் முழுக்க என்ன செய்கிறான்? முன்னும் பின்னுமாக ஓட்டி, ஏதாவது ஒரு தேதியின் இருப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். நாலு கேமராவை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால், நாலு கடையின் கணக்கை ஒரே நேரத்தில் கேட்கிறான்.

இது புதிதாக முளைத்த தலைவலி என்று யாரும் நினைக்க வேண்டாம். 1995-ல் டிவி என்கிற டிஜிட்டல் டேப் வந்தது. எங்கள் பக்கம் அது பரவலாக வந்து சேர்ந்தபோது சோனி பிடி170 வைத்திருந்தவர்தான் ராஜா. ஃபயர்வயர் கேபிளைச் செருகினால் டேப்பில் இருப்பது அப்படியே கம்ப்யூட்டரில் இறங்கும். மணிக்கு 13 ஜிபி. ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியாக முழுசு, அதாவது முதல் கடைக்காரரின் நோட்டு. பென்டியம் 4-ல் எடியஸ் சாஃப்ட்வேர் போட்டு, ரெண்டர் கேட்காமல் வெட்டி ஒட்டி, மறுவாரம் கேசட் கொடுத்துவிடுவோம்.

2003-ல் எச்டிவி அறிவிக்கப்பட்டது. அடுத்த வருடம் சோனி எஃப்எக்ஸ்1, அதன் பின்னாலேயே இசட்1. அதே மினி டிவி கேசட், அதே ஃபயர்வயர், அதே 25 எம்பிபிஎஸ். ஒரு மணி நேர கேசட் ஹார்ட் டிஸ்க்கில் அடைக்கிற இடமும் ஏறக்குறைய அதேதான். கடைக்காரர் சொன்னார்: "எதுவுமே மாறல அண்ணாச்சி, படம் மட்டும் எச்டி." வாங்கிவந்து டைம்லைனில் போட்டால், நேற்று வரை ஓடிய கம்ப்யூட்டர் நொண்டியது. காரணம், எச்டிவி எம்பெக்-2 லாங்-ஜிஓபி. 50ஐ முறையில் 12 ஃப்ரேம் ஒரு கட்டு. கட்டின் முதல் ஃப்ரேம் மட்டுமே முழுசு. வெளியே எல்லாம் ஒன்றாக இருந்தும் உள்ளே கணக்கு எழுதும் முறை மாறியிருந்தது. இதற்கு மேல் எனக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. கேமராவின் தரமும் எடிட்டிங்கின் சுமையும் வெவ்வேறு சங்கதிகள் என்பதைப் பார்த்த அன்றே நாம் பாடம் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை. 2006-ல் சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து ஏவிசிஎச்டியை அறிவித்தபோது மறுபடி அதே வாக்கியம், அதே தலையாட்டல்.

ஏவிசிஎச்டி இன்னும் கெட்டிக்காரச் சிக்கனக்காரர். எச்.264 சுருக்கம், 24 எம்பிபிஎஸ், சின்ன கார்டு. கேமராமேன்கள் கொண்டாடினார்கள். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? வந்த ஃபைலையெல்லாம் முதல் வேலையாகக் கேனோபஸ் எச்க்யூவுக்கோ, ஆப்பிள் வைத்திருந்தால் 2007-ல் வெளியான ப்ரோரெஸ்ஸுக்கோ மாற்றினோம். 25 ஃப்ரேம் முழு எச்டியில் ப்ரோரெஸ் 422 என்பது 122 எம்பிபிஎஸ். ஃபைல் ஐந்து மடங்கு பெருத்தது, ஓட்டம் இலகுவானது. சின்ன ஃபைல் கனக்கும், பெரிய ஃபைல் மிதக்கும். கடையில் யாரும் சொல்லாத சமாச்சாரம் இது.

ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன், பெயர் வேண்டாம். ஏவிசிஎச்டி கேமராக்கள் நீளமான காட்சியை ஒரே ஃபைலாக எழுதாது. 2 ஜிபி அல்லது 4 ஜிபி ஆனதும் அடுத்த துண்டுக்குப் போய்விடும். 24 எம்பிபிஎஸ்ஸில் 2 ஜிபி என்பது சுமார் 11 நிமிடம். கார்டில் இருக்கும் ஃபோல்டர்களை மேலிருந்து கீழ்வரை அப்படியே காப்பி செய்து, முறையாக இறக்கினால் துண்டுகள் தையல் தெரியாமல் சேரும். ஸ்டுடியோவில் புதிதாகச் சேர்ந்த பையன் 'இதெல்லாம் குப்பை' என்று நினைத்து, எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் பொறுக்கியெடுத்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, கார்டையும் அழித்துவிட்டான். பார்சல் வந்தது. முகூர்த்தக் காட்சியை ஓட்டுகிறேன். அய்யர் கையை உயர்த்துகிறார், 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்கிறார், தவில் எழும்புகிறது, மாப்பிள்ளை குனிகிறார், டப் என்று ஒரு சத்தம், அரை நொடிக்கும் குறைவான மௌனம், மறுபடி மேளம். துண்டு முடிந்து அடுத்த துண்டு தொடங்கிய இடம் சரியாகத் தாலி முடிச்சில் விழுந்திருந்தது. கேண்டிட் கேமராவின் சத்தத்தை எடுத்து மேலே போர்த்தி எப்படியோ ஒப்பேற்றினேன். பொண்ணின் அப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். இன்றைக்கும் அந்த இடம் காதில் கேட்கிறது.

பையனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அந்த ஸ்டுடியோவில் காப்பி எடுப்பது யார், எப்படி, எந்த மெஷினில் என்று எவரும் யோசிக்காமல் கேமராவை மட்டும் தேர்ந்தெடுத்ததன் பலன் அது.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும். 'அது பழைய காலம். இப்போது புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் எல்லாம் ஓடும்.' ஓடுமா? இன்றைய கேமராக்களின் பெருமை, எச்.265 சுருக்கம், 10-பிட், நிறத்தை அதிகம் வைத்துக்கொள்ளும் 4:2:2. சாஃப்ட்வேர் அதைத் திறக்கும், சரி. தடங்கலில்லாமல் ஓட்டுவதற்குச் சிப்புக்குள்ளேயே அந்தக் கணக்கைப் பிரிக்கிற பகுதி இருக்க வேண்டும். என்விடியா ஜிஃபோர்ஸ் கிராஃபிக்ஸ் கார்டுகளில் 4:2:2-ஐப் பிரிக்கும் வசதி 2025-ல் வெளியான ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. அதற்கு முன் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியிருந்தாலும் அந்த ஒரு வேலைக்குக் கார்டு கைகட்டி நிற்கும், சுமை முழுக்கப் பிராசஸர் தலையில். இன்டெலின் 11-ஆம் தலைமுறைச் சிப்புக்குள் இருக்கும் சாதாரண கிராஃபிக்ஸ் அதை முன்பே செய்தது. ஆப்பிள் எம்1 செய்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்டெல் சிப்பின் பெயர்க் கடைசியில் 'எஃப்' என்று இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் விலை குறைவு என்று கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர் அதைத்தான் போட்டுத் தருவார். 'தனியாக் கிராஃபிக்ஸ் கார்டு போடுறோம்ல அண்ணாச்சி, இது எதுக்கு?' ஆக, மிச்சம் பிடித்த அந்தச் சில ஆயிரத்தில்தான் உங்கள் கேமராவின் ஃபைலை ஓட்டும் பகுதி போய்விட்டது. கேமராவின் ஃபைல் வகை தெரியாமல் கம்ப்யூட்டரையும் சரியாக வாங்க முடியாது. 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்பவர்கள் அப்புறமும் பார்ப்பதில்லை.

அடுத்த வாதம் ப்ராக்ஸி. இது கொஞ்சம் கனமான வாதம்தான், மறுக்கவில்லை. பெரிய ஃபைலுக்குப் பதிலாக ஒரு சின்ன நகலை உருவாக்கி, அதில் வெட்டி, கடைசியில் அசலை மாற்றிக்கொள்வது. விளம்பரப் படம், டாக்குமெண்டரி என்றால் நானே செய்வேன். கல்யாணத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். முந்தின நாள் ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம், ட்ரெடிஷனல் இரண்டு, கேண்டிட் இரண்டு. சாதாரணமாகவே 40 மணி நேர ஃபுட்டேஜ். அதற்கு நகல் எடுக்கவே மெஷின் மணிக்கணக்கில் எரிய வேண்டும். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே வாரத்தில் ஐந்து பார்சல் வந்து நிற்கும். ஆடியும் மார்கழியும் இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் எந்தக் கல்யாண எடிட்டரும் பாக்கியை முடித்திருக்க மாட்டான். ப்ராக்ஸி வேண்டாம் என்று சொல்லவில்லை. அது தேவைப்படுகிற கேமராவை வாங்கும்போது, அந்த மணி நேரங்களுக்கான கூலியையும் கேமரா விலையில் சேர்த்துக் கணக்குப் பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறேன். பார்த்தவரை நான் சந்தித்ததில்லை.

அப்படியானால் ஆல்-இன்ட்ரா எழுதும் கேமரா வாங்கிவிட்டால் தீர்ந்ததா? அதுவும் கிடையாது. நான் ஒரு கட்சி கட்டிக்கொண்டு பேசவில்லை. பானாசோனிக் எச்விஎக்ஸ்200 2005-ல் வந்தது. பி2 கார்டு, டிவிசிப்ரோ எச்டி, 100 எம்பிபிஎஸ், ஒவ்வொரு ஃப்ரேமும் முழுசு. எடிட்டருக்கு வெண்ணெய் மாதிரி. ஆனால் 8 ஜிபி கார்டில் 8 நிமிடம்தான் பிடிக்கும், அதுவும் அன்றைய பி2 கார்டின் விலைக்கு. மாப்பிள்ளை அழைப்பு முடிவதற்குள் கார்டு நிறைந்துவிடும். குறும்படக்காரருக்கு அது சரியான கேமரா, நமக்கு இல்லை. இன்றைக்கும் கணக்கு அதேதான். சோனி ஏ7எஸ் 3 போன்ற உடலில் 4கே 50 ஃப்ரேமை ஆல்-இன்ட்ராவில் எடுத்தால் 500 எம்பிபிஎஸ், மணிக்கு 225 ஜிபி. நாலு கேமரா, பத்து மணி நேரம், 9 டெராபைட். ஒரு பேக்கப் நகல் வைத்தால் 18. வைகாசி முழுக்க இப்படி எடுத்தால் ஹார்ட் டிஸ்க் வாங்கவே ஒரு கல்யாணத்து வருமானம் போகும். அதே 4கே-வை 25 ஃப்ரேமில், 100 எம்பிபிஎஸ் எச்.264, 8-பிட், 4:2:0-வில் எடுத்தால் மணிக்கு 45 ஜிபி, மொத்தம் 1.8 டெராபைட். லாங்-ஜிஓபிதான், ஆனால் சாதாரணக் கம்ப்யூட்டரின் சிப்புக்கும் பழகிய வகை. கல்யாண வேலைக்கு என் ஓட்டு இதற்கே. பிரோஷரில் இது கடைசி வரியில் இருக்கும்.

பிரோஷர் என்றதும் இன்னொன்று. சோனி பிஎக்ஸ்டபிள்யூ-இசட்90, 2017-ல் வந்த நல்ல கேம்கார்டர். பெட்டியில் 4கே என்று பெரிதாக இருக்கும். அதன் 4கே பதிவு 8-பிட், 4:2:0. அதே கேமராவில் எச்டிக்கு மாறினால் 10-பிட், 4:2:2, 50 எம்பிபிஎஸ். பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தவர், நிறத்துக்கான இடத்தைக் குறைத்துக்கொள்கிறார். விவரம் தெரிந்தவர் ஒருவர் இங்கே குறுக்கிடுவார்: 4கே-வை எச்டியாகச் சுருக்கினால் 4:2:0-வின் நிறக் குறை சரியாகிவிடுமே? உண்மை. ஆனால் 8-பிட்டில் எஸ்-லாக் என்கிற மங்கலான நிறமுறையை வைத்து எடுத்துவிட்டு, பட்டுப்புடவையின் அரக்கையும் மாம்பழ மஞ்சளையும் கிரேடிங்கில் மேலே தூக்கப் பாருங்கள், பின்னால் வெளிர்நிறத் திரையில் படிக்கட்டு விழும். அப்புறம் 4கே எதற்கு? ஒரே கேமராவை வைத்து மேடையில் க்ளோஸ் கட் எடுக்க உதவும், அது நியாயமான காரணம். 'எதிர்காலத்துக்கு உதவும்' என்பது காரணமில்லை. பொண்ணு மாப்பிள்ளை அந்தப் படத்தைப் பார்க்கப்போவது கைபேசியில். அந்த எதிர்காலத்துக்கென்று தவணையில் வாங்கினால், தவணை முடியும்போது கேமராவின் மறுவிற்பனை விலை என்ன ஆகியிருக்கும் என்பது தவணை கட்டியவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவிலிருந்து மச்சான் வாங்கி வந்த கேமராவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலிவாகக் கிடைத்தது, உண்மை. அதில் 60ஐ, 30, 60 மட்டும்தான், 25-ம் 50-ம் கிடையாது. நம் மண்டபத்துக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 30 ஃப்ரேமில், ஷட்டரை 1/60-ல் வைத்தால் டியூப் லைட் வெளிச்சம் படத்தில் அலையடிக்கும். ஷட்டரை 1/50-க்கு மாற்றி அதைத் தப்பித்தாலும், மற்ற மூன்று கேமராவும் 25-ல் இருக்க, இது மட்டும் 30-ல் வந்து டைம்லைனில் நடக்கும்போது தடுக்கும். மணமக்கள் மேடை ஏறுகிற நடையில், ஊஞ்சல் ஆடுகிற ஆட்டத்தில் அந்தத் தடுக்கல் தெரியும். எந்த சாஃப்ட்வேரும் அதை முழுசாக நிரவிக் கொடுக்காது. மச்சானுக்குப் பணம் மிச்சம், எடிட்டருக்கு ராத்திரி போச்சு.

சத்தத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாதஸ்வரமும் தவிலும் பத்தடியில் முழங்கும்போது ஸ்டில் கேமராவின் சின்ன மைக் உடைந்துபோகும். கேம்கார்டரில் எக்ஸ்எல்ஆர் இரண்டு இருக்கிறது, ஒன்றின் லெவலை இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஸ்டில் கேமராவின் குறை சத்தத்தோடு முடியவில்லை: பழைய ஸ்டில் கேமராக்கள் பல 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். நின்ற ஒவ்வொரு இடத்திலும் நான் மறுபடி நாலு கேமராவையும் இணைத்துப் பொருத்த வேண்டும். நிற்காமல் இரண்டு மணி நேரம் ஓடுகிற பழைய மாடல் கேம்கார்டர், எடிட்டிங் மேசையில் புதிய உடலைவிட விலை மதிப்புள்ளது. தோளில் வைத்தால் ஸ்டைலாக இல்லை என்பது தனிப் பிரச்சினை.

கடைசியாக சினிமாவை இழுப்பார்கள். 'பெரிய படங்களில் நல்ல கேமராதானே முதலில்?' சினிமாவில் கேமராவை முடிவு செய்யும் முன் டெஸ்ட் ஷூட் எடுத்து, டிஐ என்கிற கடைசி நிறத்திருத்தம் வரை கொண்டுபோய்ப் பார்க்கிறார்கள். ஃபுட்டேஜை இறக்கவும் சரிபார்க்கவும் மட்டுமே செட்டில் ஆள் இருக்கிறார். எந்த ஃபார்மேட், எத்தனை டெராபைட், எடிட்டருக்கு எந்த நகல் என்பது முதல் நாள் ஷூட்டிங்குக்கு முன்பே பேசி முடிந்திருக்கும். அங்கிருந்து கேமராவின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு வந்தால் எப்படி?

கேமரா வாங்கப்போகிறவர் எனக்காக ஒரு வேலை செய்யுங்கள். கண்ணில் பட்ட மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். யாராவது சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், நீங்கள் வழக்கமாக வைக்கிற அதே செட்டிங்கில், அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். கார்டை எடுத்துக்கொண்டு உங்கள் எடிட்டரிடம் போங்கள். நீங்களே எடிட்டர் என்றால் உங்கள் மேசைக்கே வாருங்கள். அந்த ஃபைலை நாலு அடுக்காக டைம்லைனில் போட்டு, மல்டிகேமில் வைத்து, ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். தடங்கலில்லாமல் ஓடினால் கடைக்குப் போய்ப் பணத்தைக் கட்டுங்கள். நொண்டினால், அந்தக் கேமரா எத்தனை 'கே' ஆனாலும் கடையிலேயே இருக்கட்டும்.